உம்மாவின் கட்டிலுக்கு மேலே போன வயர்

எங்கள் ஊரில் பயம் வந்தால் எல்லாரும் கிழக்கே பார்ப்போம். கடல் அந்தப் பக்கம்தான். காற்று கொஞ்சம் மாறி அடித்தாலும் சரி, கடற்கரை வீதியில் யாராவது மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனாலும் சரி, பெண்கள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து கிழக்கே எட்டிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது எனக்குப் பயம் வந்தால் நான் பார்ப்பது சுவரை. பார்ப்பதோடு நிற்பதில்லை, உள்ளங்கையை வைத்துத் தொட்டும் பார்ப்பேன். சூடு இருக்கிறதா என்று. விருந்துக்குப் போன வீட்டிலும் இதைச் செய்து மானம் கெட்டிருக்கிறேன்.

இது ஏன் வந்தது என்று சொல்வதானால் எங்கள் வளவை, வீடும் முற்றமும் சேர்ந்த காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்து வைப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். எங்கள் வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். சுனாமியில் கடல் வந்து பழைய வீட்டைக் கொண்டு போன பிறகு, உதவி செய்ய வந்தவர்கள் எங்கள் வளவின் நடுவில் ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஓர் அறை, ஒரு விறாந்தை, ஓர் அடுப்படி. வாப்பா அந்தச் சின்ன வீட்டை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மூன்று வீடுகளை ஒவ்வொன்றாக எழுப்பினார். முன்னால் மூத்த ராத்தாவுக்கு, பக்கத்தில் இளைய ராத்தாவுக்கு, பின்னால் எனக்கு. என் வீட்டுக்குக் கூரை போட்டு முடித்த கையோடு வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். உம்மா நடு வீட்டிலேயே தங்கிவிட்டா. பிறகு அவவுக்கு வாதம் வந்து இடது காலும் கையும் இழுத்துவிட்டன. கட்டிலில் இருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து, அறைக்குள் நடமாடுவா. அறை வாசலில் ஒரு படி இருந்தது. அதைத் தனியாகத் தாண்ட அவவால் முடியாது.

இனி கரண்ட் கதைக்கு வருகிறேன். அந்தச் சின்ன வீட்டுக்கு வயரிங் செய்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார்கள். சில பல்புகள், ஒரு ஃபேன், அயன் பண்ண ஒரு பிளக். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அது தாராளம். ராத்தாவின் வீடு எழும்பியபோது வாப்பா அந்தப் பிளக் லைனில் இருந்தே ஒரு வயரை இழுத்து, சீலிங் பலகைக்கு மேலால் கொண்டு போய்க் கொடுத்தார். இளைய ராத்தாவுக்கும் அப்படியே. எனக்கும் அப்படியே. மூன்று வீட்டுக்கான வயர்களும் உம்மாவின் அறைக்கு மேலே ஓர் இடத்தில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தன. சரியாக உம்மாவின் கட்டிலுக்கு மேலே.

தனித் தனியாக மீட்டர் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். ஆனால் ஒரு வளவுக்குள் இருக்கிற அக்கா தங்கச்சிமார் தனித் தனி மீட்டர் வைத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காணிச் சண்டை வந்து பிரிந்துவிட்டார்கள் என்று அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குள் கதை பரவிவிடும். எங்கள் உம்மா இதில் கண்டிப்பு. நான் மையவாடியில் அடங்குகிறவரைக்கும் என் பிள்ளைகள் ஒரே மீட்டரில்தான் இருப்பார்கள் என்று வருகிற போகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவா. எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வீடும் ஒரே கரண்டில் எரிகிறது என்பதை ஒரு பாசம் போல நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பல்பும் ஃபேனும் டீவியும்தான். பிறகு பிரிட்ஜ் வந்தது. வோஷிங் மெஷின் வந்தது. ரைஸ் குக்கர், கேத்தில், பிளெண்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன. ராத்தாவின் மாப்பிள்ளை, என் மூத்த மச்சான், கட்டாரில் இருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது கேக் சுடுகிற பெரிய 'அவன்' அடுப்போடு வந்தார். வந்த வருடமே ஒரு ஏசியும் பூட்டினார். அதைப் பார்த்து இளைய ராத்தா ஒரு ஏசி பூட்டினா. நான் பூட்டவில்லை. நல்லவள் என்பதால் அல்ல, என் புருசன் மட்டும் ஓம் என்று சொல்லியிருந்தால் நானும் பூட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் பிரேக்கர் விழத் தொடங்கியது. பிரேக்கர் பெட்டி உம்மாவின் அறைச் சுவரில், கட்டிலில் இருந்தே கைத்தடி எட்டுகிற உயரத்தில் இருந்தது. யாராவது ஒருவர் வீட்டில் ஏசியும் இன்னொருவர் வீட்டில் அவனும் ஓடும்போது, மூன்றாமவர் கேத்திலைத் தட்டினால் போதும். டக் என்று ஒரு சத்தம். மூன்று வீடும் செத்துப்போகும். அடுத்த கணம் மூன்று பக்கத்தில் இருந்தும் ஒரே குரல் எழும்பும்: "உம்மா, கரண்ட்!"

உம்மா கட்டிலில் எழும்பி இருந்து, கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வளைந்த கைப்பிடியால் பிரேக்கரை மேலே தள்ளிவிடுவா. நல்ல காய்ந்த மரத் தடி. தள்ளுமுன் சும்மா தள்ளமாட்டா. யார் வீட்டில் என்ன போட்டீர்கள் என்று விசாரணை நடக்கும். கேத்திலை நிப்பாட்டு, ஏசியை நிப்பாட்டு என்று கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போகும். நாங்கள் ஒன்றை நிப்பாட்டினோம் என்று சொன்ன பிறகுதான் கரண்ட் வரும். மின்சார மந்திரி என்று பிள்ளைகள் உம்மாவுக்குப் பட்டம் வைத்திருந்தார்கள். உம்மாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எழும்பி நடக்க முடியாத மனுசிக்கு மூன்று வீட்டையும் ஆள ஒரு வேலை கிடைத்திருந்தது.

நோன்பு வந்தால் நிலைமை மோசமாகும். வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. மற்ற மாதங்களில் மூன்று வீடும் மூன்று நேரத்தில் சமைக்கும். நோன்பில் ஊரே ஒரே நேரத்தில் சமைக்கிறது. நோன்பு துறக்கிற மஃரிப் பாங்குக்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரத்தில் சம்சாவும் கட்லட்டும் பொரிய வேண்டும், பழச்சாறு அடிக்க வேண்டும், தேத்தண்ணிக்குக் கொதிக்க வேண்டும், ஆண்கள் குளித்து உளூ எடுக்கத் தண்ணீர் மோட்டர் ஓட வேண்டும், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களின் ஜுப்பா அயன் ஆக வேண்டும். பகல் முழுக்கச் சுருண்டு கிடந்தவர்களுக்கு ஏசியும் வேண்டும். ஒன்றையும் பிந்தப் போடமுடியாது. பாங்கு யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே உம்மாவின் பிரேக்கர் அந்த நேரத்தில் விழுந்து விழுந்து எழும்பும். உம்மாவுக்கும் நோன்பு; தடியைத் தூக்கித் தூக்கி அவ களைத்துப்போவா.

ஒரு நாள் மச்சான் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனம் நொந்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். என் உம்மாவைத் தன் உம்மாவைப் போலப் பார்த்தவர். மாமி இந்த வயதில் இப்படிக் கஷ்டப்பட வேண்டுமா என்று கேட்டார். அடுத்த நாள் கல்முனைக்குப் போய் ஒரு புதுப் பெட்டியும் புதுப் பிரேக்கரும் வாங்கி வந்து தானே பூட்டினார். பழையதில் இருபது ஆம்பியர் என்று எழுதியிருந்தது. புதியதில் நாற்பது. சின்னப் பிள்ளைகள் கை வைக்கக்கூடாது என்று பெட்டியைக் கூரைக்குக் கிட்டவாக உயர்த்தி வைத்தார். பூட்டி முடித்து ஏணியில் இருந்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"மாமி, இனி நீங்க ஒண்டுக்கும் எழும்பத் தேவல்ல. இது விழாது."

அது விழவில்லை. அன்று பின்னேரம் மூன்று வீட்டிலும் எல்லாமே ஓடின. கேத்தில்கள் கொதித்தன, ஏசிகள் உறுமின, மோட்டர் ஓடியது, ராத்தாவின் அவனில் கோழி சிவந்தது. ஒரு டக் சத்தமும் இல்லை. இளைய ராத்தா மச்சானுக்கு துஆச் செய்தா. நான் மட்டும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். பெரிய விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சின்ன விசயம் என் மண்டைக்குள் நுழைந்து வெளியே போக மறுத்தது. பழைய பிரேக்கர் விழுந்தது எங்களுக்குக் கரைச்சல் கொடுக்கவா? வயரால் தாங்க முடியவில்லை என்றுதானே விழுந்தது? இப்போது பிரேக்கரை மாற்றியாயிற்று. வயரை மாற்றினோமா? வாயில்லாத மாட்டுக்கு இரட்டைச் சுமை ஏற்றிவிட்டு, அது கத்தவில்லை என்று சந்தோசப்படுவது போல இருந்தது எனக்கு.

மச்சானிடம் கேட்டேன். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே மச்சி, ஏதாவது என்றால் அது விழுந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். அப்போது நம்பினேன். பிறகுதான் விளங்கிக்கொண்டேன், ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கரண்ட் வேறு எங்காவது கசிகிறதா, ஆளைப் பிடிக்கிறதா என்பதை. வயரில் அளவுக்கு மிஞ்சி ஓடுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. அந்த வேலை பிரேக்கருடையது. அந்தப் பிரேக்கரைத்தான் நாங்கள் கண்ணைக் கட்டி உட்கார வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. ஒவ்வொரு சாமானையும் புரட்டி, பின்னால் ஒட்டியிருக்கிற கடதாசியில் எத்தனை வொட்ஸ் என்று பார்த்துக் கூட்டத் தொடங்கினேன். கேத்திலின் எண்ணைப் பார்த்து அதிர்ந்து போனேன். கொஞ்சத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அந்தச் சின்னக் குடம், வீட்டில் இருக்கிற பல்புகள் எல்லாம் சேர்ந்து எடுப்பதைவிடப் பல மடங்கு எடுக்கிறது. அவனும் அப்படி. அயனும் அப்படி. சூடாக்குகிற சாமான் எல்லாமே கொள்ளைக்காரர்கள். மூன்று வீட்டையும் கூட்டிப் பார்த்தபோது பழைய பிரேக்கரின் இருபது தாங்குகிற அளவு எங்கேயோ கீழே நின்றது. கூட்டியதை ராத்தாவிடம் காட்டினேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டா.

உம்மாவின் அறைக்குப் போகும்போதெல்லாம் சுவரைத் தொடுவேன். வயர் இறங்குகிற இடம் இளஞ்சூடாக இருந்தது. காய்ச்சல் விட்டும் விடாமலும் இருக்கிற பிள்ளையின் நெற்றியைப் போல. வெயில் படுகிற சுவர், சூடாகத்தான் இருக்கும் என்றார்கள். வெயில் படாத காலையில் தொட்டேன். குளிர்ந்திருந்தது. பின்னேரம் தொட்டேன். சூடு. வெயில் என்றார்கள் மறுபடியும். பின்னேரத்தில்தான் வெயிலும் அந்தச் சுவரில் விழும், பின்னேரத்தில்தான் மூன்று அடுப்படியும் ஓடும். எதை என்று சொல்வது? நான் சொல்வது எனக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாத பயத்தைத் தனியாகச் சுமப்பது போல ஒரு பாரம் வேறு இல்லை.

பாங்குக்கு முன்னால் மூன்று வீட்டுக்கும் ஓடி ஓடி ஒவ்வொன்றாக நிப்பாட்டத் தொடங்கினேன். என் வீட்டில் கேத்திலையே மூலையில் வைத்துவிட்டு கேஸில் கொதிக்க வைத்தேன். இளைய ராத்தா முதலில் சிரித்தா, பிறகு முகத்தைச் சுளித்தா. தன் வீட்டு ஏசியை நான் நிப்பாட்டியது பொறாமையில் என்று நினைத்துவிட்டா. அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் அவவின் கதவு உள்ளே பூட்டியிருந்தது. ஏசி வந்த பிறகு எல்லாருடைய கதவும் யன்னலும் எப்போதும் பூட்டித்தான் இருந்தன. முன்பு உம்மாவின் அறையைப் பார்த்தபடி மூன்று வீட்டிலும் ஒரு யன்னல் திறந்திருக்கும். உம்மா இருமினால் மூன்று பேருக்கும் கேட்கும்.

அந்த நோன்பில்தான் மூத்த ராத்தாவின் மகளுக்குப் பாலமுனையில் ஒரு சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை நோன்பு துறக்க அழைத்திருந்தார்கள். ராத்தாவுக்கு அது பரீட்சை மாதிரி. சாமான் ஒன்று குறைந்தால் பிறகு காலமெல்லாம் கதைப்பார்கள் என்று பயந்தா. காலையில் இருந்து வட்டிலப்பம் அவிந்தது, அவனில் இரண்டு கோழி ஏறியது, வருகிறவர்கள் வேர்த்துப் போகக்கூடாது என்று ஏசி மதியத்தில் இருந்தே ஓடியது. இளைய ராத்தாவின் வீட்டிலும் ஒரு பங்குச் சமையல் நடந்தது. என்னிடம் ரோல்ஸ் பொரிக்கிற வேலை.

அன்று காலையிலேயே நான் ராத்தாவிடம் கெஞ்சினேன். இன்றைக்கு மட்டும் அவனைப் போடாதீங்க, கோழியை வெளியில் அடுப்பு மூட்டிப் பொரித்துத் தருகிறேன் என்றேன். ராத்தா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. இவ்வளவு நாளும் விழாதது இன்றைக்கா விழப்போகிறது என்று கேட்டா. ராத்தா, விழாததுதான் எனக்குப் பயம் என்றேன். அவவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. என் மகளின் காரியம் நடக்கிற நாளில் வாயை வைக்காதே என்று மட்டும் சொன்னா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் உம்மாவும் மற்றப் பெண்களும் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ராத்தாவின் வீட்டில் விரிப்பு விரித்து, பேரீச்சம்பழத் தட்டுகள், பள்ளிவாசலில் இருந்து வந்த கஞ்சி, ரோஸ் நிறச் சர்பத் ஜக்கு எல்லாம் வரிசையாக வைத்தாயிற்று. உம்மாவுக்குப் புது உடுப்பு உடுத்தி, அவவின் அறையிலேயே கஞ்சியும் பழமும் வைத்துவிட்டு வந்திருந்தேன். வந்தவர்கள் நோன்பு துறந்த பிறகு அங்கே போய் உம்மாவுக்கு ஸலாம் சொல்லுவதாக ஏற்பாடு. நான் வரும்போது உம்மா மேலே சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தா. என்ன பார்க்கிறீங்க என்று கேட்டேன். ஒண்டுமில்ல, போ புள்ள, அங்க வேலை கிடக்கு என்றா.

பாங்குக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ராத்தாவின் அடுப்படியில் நின்றேன். ஒரு பக்கம் பிளெண்டர் இரைந்தது. கேத்தில் கொதித்தது. வெளியே மோட்டர். தலைக்கு மேல் பல்பு ஒருமுறை மங்கி, மறுபடி தெளிந்தது. மறுபடி மங்கியது. மற்றவர்கள் பார்க்கவே இல்லை. அப்போது ஒரு மணம் வந்தது. முதலில் எண்ணெய்ச் சட்டியில் ஏதோ கருகுகிறது என்று நினைத்தேன். சட்டியைப் பார்த்தேன். ரோல்ஸ் பொன்னிறமாகத்தான் இருந்தது. அது சாப்பாட்டு மணம் அல்ல. பிளாஸ்டிக் உருகும்போது வருமே, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி, அந்த மணம்.

என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. பயத்தில் ஓடுவார்கள் என்று சொல்வார்கள். எனக்கு முதலில் ஓட முடியவில்லை. கத்தலாமா? பக்கத்து அறையில் மாப்பிள்ளையின் உம்மா கையில் பேரீச்சம்பழத்தோடு இருக்கிறா. ஒன்றும் இல்லாததற்குக் கத்திவிட்டால் ராத்தா என்னை என்றைக்கும் மன்னிக்கமாட்டா. இந்த யோசனை எனக்கு வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிறகு எப்படியோ கால் நகர்ந்தது. பின்கதவால் ஓடினேன்.

உம்மாவின் அறைக்கதவைத் தள்ளியதும் கண் எரிந்தது. சீலிங் பலகையின் இடுக்கில் இருந்து புகை மெல்லியதாக, அவசரமே இல்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது. பலகையில் ஓர் இடம் கறுத்து, அதற்குள் ஏதோ சிவந்து மினுங்கியது. உருகிய வயர்த் தோல் சொட்டுச் சொட்டாக கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த நுளம்பு வலையில் விழுந்து, வலையில் விளிம்பு சிவந்த ஓட்டைகள் பெரிதாகிக்கொண்டிருந்தன. உம்மா கட்டிலின் மேலே நின்றுகொண்டிருந்தா. வாதம் வந்த காலோடு, சுவரில் சாய்ந்து, வலது கையில் தடியைப் பிடித்து உயர்த்தி, பிரேக்கரை இழுத்து விழுத்தப் பார்த்தா. தடி எட்டவில்லை. பெட்டி உயரத்தில் இருந்தது. ஒரு சாண்தான் குறைவு.

நான் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். உம்மாவின் கையில் இருந்து தடியைப் பறித்து, பெட்டிக்குள் இருந்த எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கீழே இழுத்துத் தள்ளினேன். டக், டக் என்று சத்தம். ஏசிகளின் உறுமல் நின்றது. பிளெண்டர் நின்றது. மோட்டர் நின்றது. மூன்று வீடும் இருண்டன. அந்த அமைதிக்குள் பள்ளியில் இருந்து பாங்கு எழும்பியது.

ராத்தா ஓடி வந்தா. இருட்டைப் பற்றி ஏச வந்தவ என்று நினைக்கிறேன். வாசலில் நின்று புகையைப் பார்த்தா. அவவின் கையில் இருந்தது சர்பத் ஜக்கு. கரண்ட் நிப்பாட்டியாச்சு, ஊத்துங்க என்று நான் சொன்னதும் அந்த ரோஸ் சர்பத்தை அப்படியே நுளம்பு வலையில் ஊற்றினா. மச்சான் வெளியே போயிருந்தவர் ஓடி வந்து, பலகையைக் கொத்திப் பிரித்து, வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தார். உம்மாவைத் தூக்கப் போனபோது ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிடித்த கை யாருடையது என்று வெளியே கொண்டு வந்து இருத்திய பிறகுதான் பார்த்தேன். மாப்பிள்ளையின் உம்மா. அவவின் புது அபாயா முழுக்கச் சர்பத். நாங்கள் யாருக்கு முன்னால் மானம் போகும் என்று பயந்தோமோ அவதான் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தா. தன் கையில் அதுவரை பொத்திப் பிடித்திருந்த பேரீச்சம்பழத்தை உம்மாவின் வாயில் வைத்து நோன்பு துறக்கச் சொன்னா.

உம்மாவுக்கு ஒரு காயமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். புறங்கையில் ஒரு சொட்டு விழுந்து சுட்டிருந்தது, அவ்வளவுதான். முற்றத்து மாமரத்தடியில் உம்மாவைக் கதிரையில் இருத்தியிருந்தோம்; ராத்தா அவவின் காலடியில் உட்கார்ந்து அழுதா. ஏன் உம்மா கூப்பிடல்ல, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே என்று கேட்டா. உம்மா கோபம் இல்லாமல், ஒரு தகவல் சொல்வது போலச் சொன்னா:

"கூப்பிட்டன். சுவர்ல தடியால தட்டியும் பாத்தன். மணம் முந்தாநாளே வந்திச்சி. புள்ளைர காரியம் முடியட்டும் எண்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்திட்டன். இண்டைக்கு நெருப்பக் கண்டாப் போல கூப்பிட்டன், ஒருத்தருக்கும் கேக்கல்ல. முந்தியெண்டா கரண்ட் போகக்குள்ள எல்லாரும் உம்மா உம்மா எண்டு கூப்பிடுவீங்க. இப்ப கரண்ட் போறல்லதானே."

மச்சான் கையில் வாளியோடு நின்றார். அதைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அவர் அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அடுத்த நாள் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சீலிங்கைக் கழற்றினோம். டேப் சுற்றிய அந்த முறுக்கு கரித்துண்டாக இருந்தது. அதில் இருந்து வயர் இறங்கிய தூரம் முழுக்கத் தோல் உருகிச் செம்பு தெரிந்தது. கீழே நின்று பார்த்தேன். உருகிய வயரின் நீளமும் உம்மாவின் கட்டிலின் நீளமும் ஒன்றாகவே இருந்தன.

சம்பந்தம் குலையவில்லை. பெருநாளுக்குப் பிறகு கலியாணம் நடந்தது. இப்போது எங்கள் வளவில் மூன்று வீட்டுக்கும் தனித் தனி மீட்டர் இருக்கிறது. ஏசிக்கு ஒரு வயர், அடுப்படிக்கு ஒரு வயர், ஒவ்வொரு வயருக்கும் அது தாங்குகிற அளவுக்கு ஒரு பிரேக்கர். ஊர் நாங்கள் எதிர்பார்த்த மாதிரியே கதைத்தது. அக்கா தங்கச்சிமார் பிரிந்துவிட்டார்கள் என்று மருதமுனை வரைக்கும் செய்தி போயிற்று. யாராவது வந்து விசாரித்தால் உம்மா கறுத்துப் போன சீலிங் பலகையைக் காட்டச் சொல்லுவா. அந்தத் துண்டை மச்சான் எறிய விடாமல் தன் வீட்டு அடுப்படியில் கேத்திலுக்கு மேலே ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார். உம்மாவின் அறையில் பழைய இருபது பிரேக்கரையே தேடி எடுத்து, பழைய இடத்திலேயே, தடிக்கு எட்டுகிற உயரத்தில் பூட்டிக் கொடுத்ததும் அவர்தான். அதில் இப்போது உம்மாவின் பல்பும் ஃபேனும் மட்டும். அது விழுவதே இல்லை.

எனக்குப் பயம் தீரவில்லை. வயர் புதிது, பிரேக்கர் சரி, மணம் இல்லை, சுவர் குளிர்ந்திருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனாலும் மஃரிப் நெருங்கி மூன்று அடுப்படியும் இரைகிற நேரத்தில் என்னால் சும்மா நிற்க முடிவதில்லை. யன்னலைத் திறந்து, "உம்மா, கரண்ட்" என்று கூப்பிடுவேன். கரண்ட் இருக்கும். பல்பு எரியும். அது உம்மாவுக்கும் தெரியும். முன் வீட்டில் இருந்து ராத்தாவும் கூப்பிடுவா, பக்கத்து வீட்டில் இருந்து இளைய ராத்தாவும். "ஓம், ஓம், இரிக்கி" என்று உம்மா நடு வீட்டில் இருந்து பதில் சொல்லுவா. சில நாட்களில் அந்தப் பதில் வரக் கொஞ்சம் சுணங்கும். தூங்கியிருப்பா, தொழுதுகொண்டிருப்பா. அதுவரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.